டிராக்டர் பேட்டரி ஏன் இறங்குகிறது? மின்னூட்டக் கோளாறைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் விரிவுரையாளன் பேட்டரியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் பொறியியல் படித்தவன் அல்லன். ஆனால் பேட்டரிக் கோளாறால் ஒரு விதைப்பைத் தவறவிட்டவன். அந்த அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் நிலம் செம்மண் மானாவாரி. சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில் நிலக்கடலை விதைப்பதற்கு மழையை எதிர்பார்த்திருந்தோம். ஒரு நாள் இரவு நல்ல மழை பெய்தது. விதைப்புக் கருவியைப் பூட்டிப் புறப்படலாம் என்று மறுநாள் காலை டிராக்டரில் ஏறினால், 'டக், டக்' என்ற ஒலியைத் தவிர வேறொன்றும் இல்லை. செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிக்கு வயது மூன்று. "பேட்டரி போய்விட்டது" என்றார் அப்பா. நானும் ஆமாம் என்றேன். நகரத்துக்குச் சென்று பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி வாங்கி வந்து மாட்டியதில் அரை நாள் போயிற்று.

டிராக்டர் உடனே ஓடியது. பிற்பகலில் தொடங்கி, இரவிலும் விளக்குப் போட்டு விதைத்தோம். மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் காலை மீண்டும் அதே 'டக், டக்'. பக்கத்து ஊர் மெக்கானிக் நண்பகலுக்குத்தான் வர முடிந்தது. டிராக்டரைத் தள்ளி ஓடவிட்டு, தம்மிடமிருந்த மீட்டரை இரண்டு இடங்களில் வைத்துப் பார்த்தார். ஆல்டர்னேட்டரின் பின்புறம் 14.3 வோல்ட், பேட்டரி முனையில் 12.1 வோல்ட். எஞ்சினை நிறுத்திப் பார்த்தபோது ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் கம்பியின் நட்டு தளர்ந்து, முனை கருகிப் போயிருந்தது. கம்பியின் முனையை வெட்டி, புது முனை பொருத்தி, உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார். அரை மணி நேர வேலை. செலவும் சொற்பம்.

பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்து மெதுவாகச் சார்ஜ் செய்தபோது, அது மேலும் ஒன்றரை ஆண்டுகள் உழைத்தது. அந்தப் பணம் போனதுகூடப் பெரிதன்று. கடைசியாக மிஞ்சிய இரண்டு ஏக்கரில் மேலீரம் காய்ந்த பிறகு விதைத்தோம். சதுர மீட்டருக்கு 33 செடிகள் நிற்க வேண்டிய இடத்தில் 20 செடிகள்கூட நிற்கவில்லை. அந்த இழப்பை எந்த உரத்தாலும் ஈடுசெய்ய முடியவில்லை.

பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியாவைத் தூக்காதீர்கள் என்று உங்களிடம் அடிக்கடி கூறுகிறோம். மஞ்சளிப்பு தழைச்சத்துக் குறையாலும் வரலாம். வேரில் நீர் தேங்கியதாலும் வரலாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்துக் குறையாலும் வரலாம். பேட்டரி இறங்குவதும் அதுபோன்ற ஓர் அறிகுறியே. காரணத்தை அறிவதற்கு முன் பேட்டரியை மாற்றுவது, சோதிக்காமல் உரமிடுவதற்கு ஒப்பாகும். இதனை ஊருக்குச் சொல்லும் நானே என் வீட்டு டிராக்டரில் மறந்தேன்.

மின்னூட்ட அமைப்பு வேலை செய்யும் விதம்

டிராக்டர், ஜீப், கார் எதுவாயினும் அடிப்படை ஒன்றே. கிணற்றுப் பாசனத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஆல்டர்னேட்டர் என்பது பம்புசெட்டு, கம்பிகள் வாய்க்கால், பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி. எஞ்சின் சுழலும்போது பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர் சுழன்று மின்சாரம் தருகிறது. அதனுள் உண்டாகும் மாறுமின்னோட்டத்தை டயோடுகள் நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன. மதகைத் திறந்து மூடுவதுபோல ரெகுலேட்டர் அதன் அளவைக் கட்டுப்படுத்துகிறது. மிகப் பழைய டிராக்டர்களில் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டைனமோவும், கட்-அவுட் பெட்டியும் இருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது என்பதை நினைவில் கொள்ளவும்.

எஞ்சினைக் கிளப்புவதற்குத்தான் பேட்டரி முக்கியமாகத் தேவை. கிளம்பிய பின் விளக்கு, ஹாரன் முதலியவற்றுக்கு மின்சாரம் தருவதும், செலவான மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தருவதும் ஆல்டர்னேட்டரின் வேலை. பம்பு நின்றாலும், வாய்க்கால் உடைந்தாலும் தொட்டி வற்றும். தொட்டியில் ஓட்டை இருந்தாலும் வற்றும். எனவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பம்பு இறைக்கிறதா? இறைத்தது தொட்டிக்கு வந்து சேருகிறதா? தொட்டி அதைத் தாங்கி நிற்கிறதா?

பழைய டீசல் டிராக்டர் பலவும் பேட்டரி இறங்கினாலும் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால்தான் மீண்டும் கிளம்பாது. இதனால் கோளாறு நெடுநாள் மறைந்திருக்கும். பெட்ரோல் காரும், மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் புதிய டீசல் எஞ்சினும் அவ்வாறல்ல. பேட்டரி முழுதும் இறங்கியதும் நடுவழியிலேயே நின்றுவிடும்.

முதலில் கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டியவை

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே இச்சோதனைகளைச் செய்ய வேண்டும்.

1. பெல்ட்: இரண்டு கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தவும். ஏறக்குறைய 10 முதல் 12 மில்லி மீட்டர் வரை அமுங்கலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு கூறியிருந்தால் அதனையே பின்பற்றவும். அதிகம் அமுங்கினால் பெல்ட் தளர்ந்துள்ளது. ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, வெளிப்புறமாக நகர்த்தி மீண்டும் இறுக்கவும். மிகையாக இறுக்கினால் பேரிங் தேயும். பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலும், வெடித்திருந்தாலும், எண்ணெயில் நனைந்திருந்தாலும் மாற்றிவிடுதல் நலம். விளக்குப் போட்டதும் 'கிரீச்' என்று கத்துவது பெல்ட் வழுக்குவதன் அறிகுறி.

2. பேட்டரி முனைகள்: முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் பொடி மின்சாரத்தைத் தடுக்கும். முதலில் எதிர் முனைக் கம்பியையும், பிறகு நேர் முனைக் கம்பியையும் கழற்றவும். சமையல் சோடா கரைத்த நீரால் முனைகளைக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைக்கவும். சோடா நீர் பேட்டரியின் அறைகளுக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. மாட்டும்போது நேர் முனை முதலில், எதிர் முனை கடைசியில். இறுக்கிய பின் மேலே வாசலின் தடவவும்.

3. நீர் மட்டம்: மூடி திறக்கக்கூடிய பேட்டரியாயின், தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லி மீட்டர் உயரம் நீர் நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றவும். கிணற்று நீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் ஊற்றுதல் கூடாது.

4. சார்ஜ் விளக்கு: எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் இந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். சாவி திருப்பியும் எரியாவிட்டால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வேலை தொடங்கத் தேவையான முதல் மின்சாரம் இவ்விளக்கின் வழியாகவே செல்கிறது. ஒரு சிறிய பல்பு ஃபியூஸ் ஆனதால் ஆல்டர்னேட்டரே கெட்டுவிட்டதாக எண்ணி மாற்றியவர்கள் உண்டு.

மீட்டரைக் கொண்டு சோதித்தல்

மல்டிமீட்டர் என்னும் சிறு கருவி மின்பொருள் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இது இருத்தல் வேண்டும். டி.சி. 20 வோல்ட் என்ற இடத்தில் திருகை வைத்து, சிவப்புக் கம்பியை நேர் முனையிலும் கருப்புக் கம்பியை எதிர் முனையிலும் வைக்கவும்.

முதற் சோதனை, ஓய்வு நிலை: வண்டி இரவு முழுதும் நின்ற பின் காலையில் அளக்கவும்.

12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் - முழு மின்னூட்டம்
12.4 வோல்ட் - ஏறக்குறைய முக்கால் பங்கு
12.2 வோல்ட் - ஏறக்குறைய அரைப் பங்கு
12.0 வோல்ட் - ஏறக்குறைய கால் பங்கு
அதற்கும் கீழே - வற்றிய நிலை

பேட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். நன்கு சார்ஜ் செய்த பின்னும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால் ஓர் அறை செத்துவிட்டது எனக் கொள்ளலாம். ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஒவ்வோர் அறையின் அமில அடர்த்தியையும் பார்க்கவும். ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் 0.050க்கு மேல் வேறுபாடு இருப்பின் அந்தப் பேட்டரியின் காலம் முடிந்து வருகிறது.

இரண்டாம் சோதனை, செல்ஃப் எடுக்கும்போது: ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் மீட்டரைப் பார்க்கவும். நல்ல மின்னூட்டம் உள்ள பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு இப்போது 8 அல்லது 7 என்று விழுந்தால், பேட்டரி வலுவிழந்திருக்கலாம். அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் மிகையாக மின்சாரம் இழுக்கலாம்.

மூன்றாம் சோதனை, எஞ்சின் ஓடும்போது: எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளக்கவும். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். முன் விளக்குகளைப் போட்ட பின்னும் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓய்வில் இருந்த அதே அளவோ அதற்கும் குறைவாகவோ காட்டினால் பேட்டரிக்கு மின்சாரம் வரவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அப்போது பேட்டரி கொதித்து நீர் வற்றும். அழுகிய முட்டை நாற்றம் வீசும். பல்புகள் அடிக்கடி போகும். அண்மைக் காலத்திய சில கார்களில் கணினியே மின்னூட்டத்தைக் கூட்டிக் குறைப்பதால் இந்த அளவு மாறுபடும். அவற்றுக்குக் கையேட்டில் உள்ளதே சரியான அளவாகும்.

நான்காம் சோதனை, வாய்க்கால் சோதனை: எங்கள் டிராக்டரைக் காட்டிக்கொடுத்தது இதுதான். எஞ்சின் ஓட, முன் விளக்கு எரிய, மீட்டரின் சிவப்புக் கம்பியை ஆல்டர்னேட்டரின் பின்னுள்ள தடித்த கம்பி முனையிலும், கருப்புக் கம்பியைப் பேட்டரியின் நேர் முனையிலும் வைக்கவும். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. அடுத்து, ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் எதிர் முனைக்கும் இடையே அளக்கவும். இது 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் டிராக்டரில் முதல் அளவு 2 வோல்ட்டுக்கு மேல். தலைமடையில் தண்ணீர் பாய்ந்தும் கடைமடை காய்ந்தது. இவ்வாறு அளவு மிகுந்தால், அந்த வழியில் உள்ள நட்டு, கம்பி முனை, ஃபியூஸ், எர்த் பட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கவும். சேறும் உரத்தூசியும் படியும் டிராக்டரில் எர்த் பட்டை துருப்பிடிப்பது மிகச் சாதாரணம்.

வாய்க்கால் சரியாக இருந்தும், ஆல்டர்னேட்டரின் முனையிலேயே 13 வோல்ட் வரவில்லையெனில், கோளாறு ஆல்டர்னேட்டரில் உள்ளது. அதன் உள்ளேயுள்ள கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம், டயோடு எரிந்திருக்கலாம். இந்நிலையில் அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடவும். நீங்கள் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிரஷ், ரெகுலேட்டர் மாற்றிப் பார்த்த பின்னரே முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றுவது பற்றி எண்ண வேண்டும்.

இரவில் மட்டும் இறங்கும் பேட்டரி

சோதனைகள் அனைத்தும் சரியாக இருந்தும் சில நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறதா? தொட்டியில் எங்கோ ஓட்டை உள்ளது. அணையாத ஒரு 5 வாட் பல்பைக் கணக்கிடுவோம். அது ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளில் 10 ஆம்பியர்-மணி செலவாகும். 80 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கே நாளில் பாதியாகிவிடும். பிறகு செல்ஃப் எடுப்பது ஐயமே. பின்னால் பொருத்திய பாட்டுப்பெட்டி, கூடுதல் விளக்கு, டிரெய்லருக்குச் செல்லும் கம்பி ஆகியவற்றை முதலில் பார்க்கவும். பழுதடைந்த டயோடும் இவ்வாறு இரவில் மின்சாரத்தை இழுப்பதுண்டு. வேலையில்லாத மாதங்களில் எதிர் முனைக் கம்பியைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் செய்து வந்தால் பேட்டரி கெடாது. வற்றிய நிலையில் விட்டுவிட்டால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, பேட்டரி மீளாமல் போகும்.

முழுதும் இறங்கிய பேட்டரியை ஆல்டர்னேட்டரைக் கொண்டே நிரப்ப முயல வேண்டாம். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடக்கூடும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 80 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 8 ஆம்பியர் வீதம், கடையில் மெதுவாகச் சார்ஜ் செய்வதே முறை.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றி, "ஓடுகிறது, ஆகவே ஆல்டர்னேட்டர் நல்லது" என்று முடிவு கட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது. டைனமோ காலத்தில் வந்த பழக்கம் இது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரெனப் பாய்ந்து டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும்.

பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் அதே கதிதான். டிராக்டரிலோ அதில் பூட்டிய கருவியிலோ வெல்டிங் வைக்கும்போது பேட்டரிக் கம்பிகளைக் கழற்றிவிடவும்.

செல்ஃப் எடுக்காதபோது தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் இணைத்து டிராக்டரைக் கிளப்பாதீர்கள். டிராக்டர் கியரில் இருந்தால் நிற்பவர் மேலேயே ஏறிவிடும். இதில் உயிரிழந்தவர்கள் உண்டு. விதைப்பு அவசரம் எவ்வளவு இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள்.

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வெடிக்கும் தன்மையுள்ள ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றிவிடவும். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவிய பின் மருத்துவரிடம் செல்லவும். எஞ்சின் ஓடும்போது சோதிப்பவர்கள் வேட்டி நுனி, துண்டு, சேலைத் தலைப்பு ஆகியவை பெல்ட்டிலும் விசிறியிலும் சிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

உழவர் பெருமக்களே,

விதையை முளைப்புத்திறன் பார்த்துத் தயாராக வைக்கிறோம். உரம் வாங்கி அடுக்குகிறோம். இனி அந்தப் பட்டியலில் இதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடிப்பட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பாக ஒரு மாலைப் பொழுதில் பெல்ட்டையும் முனைகளையும் பாருங்கள். மறுநாள் காலை வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஒரு முறையும், எஞ்சின் ஓடும்போது ஒரு முறையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். எண்களைத் தேதியிட்டு வண்டிக் கையேட்டிலேயே குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு எண் இறங்கியிருந்தால், மழைக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது அப்பாவே இதைச் செய்கிறார். மீட்டர் விதைப் பெட்டியின் மேலேயே இருக்கிறது.

இம்முறைகளைக் கையாண்டு, வீண் செலவைத் தவிர்த்து, பெய்த மழையின் ஈரத்தைப் பருவத்தில் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.